தோட்டத்துக்கும் குழந்தைகளுக்கும் ஒரே நாய்: ரிட்ரீவர் வாங்கிய கதை

வீட்டில் நாய் வாங்கலாம் என்று பேச்சு எழுந்தபோது ஆளுக்கொரு நாயை மனதில் வைத்துக்கொண்டுதான் எல்லோரும் தலையாட்டினோம். கேரளத்தில், பாலக்காடு மாவட்டம் முதலமடைப் பக்கம், கோவிந்தாபுரம் செக்போஸ்ட் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் எங்களுக்கு மாந்தோப்பும் ஓரத்தில் கொஞ்சம் தென்னையும் இருக்கிறது. வீட்டுக்காரர் மஸ்கட்டில். இங்கே நான், மாமனார், பிள்ளைகள் இரண்டு பேர், தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் ஒருவர். பிள்ளைகளுக்குப் போனில் பார்த்த கோல்டன் ரிட்ரீவர் வேண்டும். தோட்டத்து அண்ணனுக்குக் காட்டுப்பன்றியை விரட்டுகிற நாய் வேண்டும். வீட்டுக்காரருக்கு, ராத்திரி யாராவது கேட்டைத் தொட்டால் குரைக்கிற நாய் இருந்தால் நிம்மதி. மாமனாருக்கோ நெல்லியாம்பதி எஸ்டேட்டில் வேலை பார்த்த காலத்தில், 1960களில், துரை ஒருவர் வைத்திருந்த கறுப்பு லாப்ரடார் மாதிரி ஒன்று. மழை ஓய்ந்து வயலில் உள்ளான் இறங்கும் காலத்தில் துரை துப்பாக்கியோடு மலையிறங்கி வருவாராம். சுட்டு விழுந்த பறவையை அந்த நாய் சேற்றுக்குள் போய்த் தேடி, இறகு கலையாமல் கவ்விக்கொண்டு வந்து கையில் கொடுக்குமாம். "வேட்டைக்கும் ஆச்சு, வீட்டுக்கும் ஆச்சு. துரையோட கொழந்தைக அது மேல ஏறி ஒக்காந்துக்கும் அம்மிணி" என்று மாமா சொன்னதும், ஒரே நாயில் எல்லாருடைய ஆசையும் தீர்ந்துவிடும் போலத்தான் இருந்தது.

அவர் சொன்னது அத்தனையும் உண்மைதான். ஆனால் அந்த நாயின் வேலை எங்கே ஆரம்பிக்கிறது என்பதை யாரும் கேட்கவில்லை. வேட்டை நாய்களுக்குள் வேலைப் பிரிவினை உண்டு. பாயிண்டர் பறவை எங்கே பதுங்கியிருக்கிறது என்று நின்று காட்டும். ஸ்பேனியல் புதருக்குள் புகுந்து கிளப்பிவிடும். நம் ஊர்க் கன்னியும் சிப்பிப்பாறையும் கண்ணால் பார்த்து ஓடித் துரத்தும். ரிட்ரீவர் இது எதையும் செய்யாது. வேட்டு சத்தம் கேட்கும் வரை எஜமானர் காலடியில் பேசாமல் உட்கார்ந்திருந்து, விழுந்த இடத்தைக் கண்ணால் குறித்துக்கொண்டு, போ என்றதும் போய் எடுத்து வருவதற்காகவே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்த இனம் அது. துரத்துகிற குணமும் கடிக்கிற குணமும் அதிகமாக இருந்தால் அந்த வேலைக்கு ஆகாது. பின்னால் ஒரு நாள் மாமாவே இதை ஒரு வரியில் சொன்னார்: "சுடறதுக்கு முன்னாடி அதுக்கு வேலையே இல்ல அம்மிணி, சுட்டப்பறந்தான்." எங்கள் தோட்டத்தில் சுடுவதற்கு யார் இருக்கிறார்கள்?

இருந்தாலும் சுட முடியாது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை என்பது இங்கே இப்போது முடிந்துபோன விஷயம். அந்தச் சட்டத்தில் வேட்டை என்றால் கொல்வது மட்டும் கிடையாது. துரத்துவது, பொறி வைப்பது, விரட்டி ஓட்டுவது எல்லாமே அதற்குள் வரும். எங்கள் பக்கம் தோப்புக்குத் தோப்பு மயில் மேய்கிறது. அது அந்தச் சட்டத்தில் மிக அதிகப் பாதுகாப்புள்ள முதல் அட்டவணையில் உள்ள பறவை. நாய் ஒரு மயிலைப் பிடித்துவிட்டால் வனத்துறையிடம் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான். காட்டுப்பன்றிக்குக் கேரளத்தில் 2022 முதல் பஞ்சாயத்துத் தலைவர் உத்தரவு கொடுத்து, அதற்கென்று பட்டியலில் உள்ள துப்பாக்கி லைசன்ஸ்காரரை வைத்துச் சுடலாம் என்று வழி செய்திருக்கிறார்கள். அதில் நம் வீட்டு நாய்க்கு எந்த வேலையும் இல்லை. ஆகவே வேட்டைக்கும் வீட்டுக்கும் ஒரே நாய் என்று தேடுகிறவர்கள், வேட்டை என்று தாங்கள் எதை நினைக்கிறார்கள் என்பதை வீட்டில் உட்கார்ந்து முதலில் பேசிக்கொள்ள வேண்டும். பன்றியை விரட்டுவது என்றால் அதற்குக் கோம்பை மாதிரி நாய் வேறு. கேட்டைக் காப்பது என்றால் ராஜபாளையம் வேறு. குளத்தில் எறிந்த கட்டையை நீந்திப்போய் எடுத்து வருவதும், பிள்ளைகள் காதைப் பிடித்து இழுத்தாலும் பொறுத்துக்கொள்வதும் போதும் என்றால்தான் ரிட்ரீவர்.

முதல் குட்டி கோல்டன். வீட்டுக்காரருக்குத் தெரிந்தவருக்குத் தெரிந்த ஒரு ஆள் கோயம்புத்தூர்ப் பக்கம் விற்கிறார் என்று ஏற்பாடாகி, 22,000 ரூபாய் மஸ்கட்டிலிருந்தே போய்விட்டது. குட்டியைப் போய் வாங்கி வரும் வேலை மட்டும் எனக்கு. பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே ஒரு அட்டைப்பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள். தாயைப் பார்க்கலாமா என்று கேட்டேன், "ஃபார்ம் ரொம்ப தூரம் மேடம்" என்றார் கொண்டுவந்த பையன். 45 நாள் ஆகிறது, ஊசி போட்டாச்சு என்று ஒரு கார்டு கொடுத்தார். டபுள் போன், ஷோ குவாலிட்டி என்றெல்லாம் வேறு சொன்னார். பெட்டியிலிருந்து எடுத்து மடியில் வைத்ததும் என் முந்தானையைச் சப்பிக்கொண்டே தூங்கிவிட்டது. பெரியவள் அதற்கு ஏற்கெனவே பெயர் வைத்து, தட்டு வாங்கி, படுக்கை தைத்து வைத்திருந்தாள்.

அந்த வாரம் முடிவதற்குள் குட்டி சாப்பாட்டைத் தொடவில்லை. முதலில் வாந்தி, அப்புறம் பேதி, அப்புறம் பேதியில் ரத்தம். அந்த நாற்றத்தை ஒரு முறை அறிந்தவர்கள் மறக்கமாட்டார்கள். மாட்டாஸ்பத்திரி டாக்டர் பார்த்த உடனே பார்வோ, குடலைத் தாக்கும் வைரஸ் நோய் என்றார், பரிசோதனைக் கிட் வைத்துப் பார்த்ததிலும் அதுதான். ட்ரிப்ஸ், வாந்தி நிற்க ஊசி, ஆன்டிபயாட்டிக். காலையில் கொண்டுபோய் ட்ரிப்ஸ் ஏற்றி, சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டுவந்து, ராத்திரி முழுக்க நான் பக்கத்தில் படுத்துக்கொண்டு துணி மாற்றினேன். மாமாவுக்கு முட்டி வலி, எழுந்து வர முடியாது. வீட்டுக்காரர் போனில் என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஒரு கட்டத்தில் போனை எடுப்பதையே நிறுத்திவிட்டேன். குட்டி பிழைக்கவில்லை. வைத்தியத்துக்கு மட்டும் 13,000 ரூபாய்க்கு மேல் ஆனது. விற்றவருக்குப் போன் செய்தால், "எங்ககிட்ட நல்லாத்தான் இருந்துச்சு, நீங்க பச்சத் தண்ணி குடுத்திருப்பீங்க" என்றார். அடுத்த முறை அழைத்தபோது என் நம்பரைத் தடுத்து வைத்திருந்தார். ஒரு வாரம் நான் யாருடனும் சரியாகப் பேசவில்லை. சின்னவன் அந்தக் கார்டை எடுத்துக் காட்டி, "ஊசி போட்டாச்சுன்னு எழுதியிருக்கேம்மா" என்று கேட்டான். அவனுக்கு என்ன சொல்ல?

அப்போது டாக்டர் உட்கார வைத்துச் சொன்னவற்றை இங்கே எழுதிவிடுகிறேன். பார்வோ கிருமி உடம்புக்குள் போய் நோயாக வெளிப்படப் பெரும்பாலும் மூன்றிலிருந்து ஏழு நாள் ஆகும், சில சமயம் இரண்டு வாரம் வரை போகும். குட்டி வீட்டுக்கு வந்த ஓரிரு நாளிலேயே படுத்துவிட்டால் அது அங்கிருந்தே கொண்டுவந்தது என்று வைத்துக்கொள்ளலாம். கார்டில் ஊசி போட்ட தேதி எழுதியிருந்தால் மட்டும் போதாது. மருந்துப் புட்டியில் ஒட்டியிருக்கும் சின்ன ஸ்டிக்கரை உரித்துக் கார்டில் ஒட்டி, அதன் மேல் டாக்டர் கையெழுத்தும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். எங்கள் கார்டில் இருந்தது பால்பாயிண்ட் பேனா எழுத்து மட்டும். அதோடு, ஒரு ஊசியே முழுப் பாதுகாப்பு ஆகிவிடாது. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குட்டி உடம்பில் இருக்கும்வரை அது ஊசி மருந்தையும் வேலை செய்யவிடாது. அதனால்தான் ஆறு முதல் எட்டு வாரத்தில் ஆரம்பித்து, மூன்று நான்கு வார இடைவெளியில், பதினாறு வாரம் வரை திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். 2017இல் வந்த நாய் வளர்ப்பு, விற்பனை விதிகளின்படி எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கவே கூடாது, விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். 45 நாள் குட்டி என்று அவர்கள் வாயாலேயே சொன்னது போதும், அங்கேயே திரும்பியிருக்க. இதைத் தெரிந்தவர்கள் எங்கள் ஊரில் ஒருவர் இல்லை. இருந்திருந்தால் ஒரு உயிர் மிஞ்சியிருக்கும்.

இன்னொன்று. அந்தக் கிருமி நிழலான மண்ணில் மாதக்கணக்கில், ஒரு வருஷம் வரைகூட உயிரோடு இருக்கும். வெயில் படாத திண்ணை ஓரம், குட்டி படுத்த இடம், பேதி போன இடம் எல்லாவற்றையும் முதலில் கழுவி, அப்புறம் ப்ளீச் திரவம் ஒரு பங்குக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து ஊற்றிப் பத்து நிமிஷம் ஊறவிடச் சொன்னார். துணி, தட்டு, படுக்கை எல்லாவற்றையும் எரித்தோம். பெரியவள் தைத்த படுக்கையை எரிக்கும்போது அவளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டுத்தான் செய்தேன். அடுத்த குட்டி வருவதாக இருந்தால் ஊசிகள் முடிந்த பிறகுதான் இந்த வாசலை மிதிக்க வேண்டும் என்பது அவர் கட்டளை.

அந்த இடைவெளி ஒரு விதத்தில் நல்லதாகப் போயிற்று, கோல்டனா லாப்ரடாரா என்று நிதானமாக யோசிக்க முடிந்தது. உலகத்தில் ரிட்ரீவர் என்று அங்கீகரித்த இனம் ஆறு இருக்கிறது: லாப்ரடார், கோல்டன், ஃப்ளாட் கோட்டட், கர்லி கோட்டட், செசபீக் பே, நோவா ஸ்கோஷியா டக் டோலிங். நம் பக்கம் கேட்டால் கிடைப்பது முதல் இரண்டுதான். இரண்டுமே குளிர் நாட்டு நாய்கள். லாப்ரடாரின் முன்னோர் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து தீவில் மீனவர்களோடு கடலில் இறங்கி வலை இழுத்த நாய்கள். அங்கிருந்து பிரிட்டனுக்கு வந்து, பெரிய மனிதர்களின் வாத்து வேட்டைக்குப் பழகி, 1903இல் அந்த நாட்டுக் கென்னல் கிளப் அங்கீகாரம் பெற்றது. கோல்டன் ஸ்காட்லாந்தில் ட்வீட்மவுத் பிரபு 1868இல் மஞ்சள் ரிட்ரீவர் ஒன்றையும் ட்வீட் வாட்டர் ஸ்பேனியல் ஒன்றையும் சேர்த்து ஆரம்பித்த வம்சம். இரண்டுக்கும் உடம்பில் இரட்டை மயிர்: மேலே முரடு, அடியில் பஞ்சு மாதிரி அடர்த்தி. குளிர்ந்த தண்ணீரில் நனையாமல் இருக்க உண்டான சட்டை. அதைப் போட்டுக்கொண்டு நாற்பது டிகிரிப் பாலக்காட்டுப் பங்குனியில் நிற்கச் சொல்கிறோம்.

கோல்டனின் மயிர் நீளம். எங்கள் தோப்பில் நாயுருவியும் ஒட்டுப்புல்லும் இடுப்பு உயரத்துக்கு இருக்கிறது. பொள்ளாச்சியில் கோல்டன் வளர்க்கும் ஒரு அக்கா, தினமும் முக்கால் மணி நேரம் சீப்பு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதாகச் சொன்னார். இடவப்பாதி மழையில், அதாவது தென்மேற்குப் பருவமழையில், அது நனைந்தால் அடிமயிர் காய ஒரு நாள் ஆகுமாம், காயாவிட்டால் தோலில் புண். வெயிலுக்கு மொட்டையடித்துவிடலாம் என்று சிலர் சொல்வார்கள், செய்யாதீர்கள். மேல்மயிர் வெயிலையும் தடுக்கிறது. சிரைத்தால் தோல் வெந்துபோகும், திரும்ப முளைப்பதும் பழையபடி வராது. அடிமயிரைச் சீவி எடுத்துக் காற்று போக விட்டால் போதும். மாடி வீட்டில், ஏசி அறையில், சீவிவிட ஆள் இருக்கும் இடத்தில் கோல்டன் தங்கமான நாய்தான், குணத்தில் லாப்ரடாரைவிட ஒரு படி சாந்தம் என்றுகூடச் சொல்வார்கள். தோட்டத்து வீட்டுக்கு என் வோட்டு லாப்ரடாருக்கு. பிள்ளைகள் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தார்கள், சரி, போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

இந்த முறை நானே போனேன். ஆனைமலைப் பக்கம் ஒரு வீட்டில் தாய் நாய் ஈன்றிருக்கிறது என்று டாக்டர் சொன்னார். காகிதம் இருந்தது. காகிதம் என்றால் கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் பதிவுச் சான்று. அது வம்சாவளிக்கு அத்தாட்சி, ஆரோக்கியத்துக்கு அல்ல என்று டாக்டர் முன்பே எச்சரித்திருந்தார். லாப்ரடாருக்கும் கோல்டனுக்கும் இடுப்பு மூட்டு சரியாகப் பொருந்தாமல் வளர்வது பரம்பரையாக வருகிற கோளாறு. தாய் தகப்பன் இரண்டுக்கும் இடுப்பு எக்ஸ்ரே எடுத்திருக்கிறீர்களா என்று கேட்க வேண்டும். நான் கேட்டேன். தாய்க்கு எடுத்திருந்தார்கள், தகப்பனுக்கு இல்லை. அதையும் மறைக்காமல் சொன்னதாலேயே அந்த வீட்டின் மீது நம்பிக்கை வந்தது. தாய் நாய் வாலை ஆட்டிக்கொண்டு வந்து என் பையை முகர்ந்தது. அதன் விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட்டது, இடுப்பு ஒடுங்கியிருந்தது. விற்பனைக்காரர்கள் டபுள் போன் என்று சொல்வதெல்லாம் குட்டைக் காலும் பெருத்த உடம்பும்தான், வேலை செய்கிற லாப்ரடார் அப்படி இருக்காது. கூட வந்த மாமா தாயைப் பார்த்ததுமே, "இதாம்மிணி, தொரை வீட்டு நாய் இந்த ஒடம்புதான்" என்றார்.

குட்டிகளில் எதை எடுப்பது என்பதற்கு நிறத்தைப் பார்க்கவே வேண்டாம். கறுப்பு, மஞ்சள், சாக்லேட் மூன்றும் ஒரே குணம். வெள்ளை லாப் என்று கூடுதல் விலை சொல்வது வெளிறிய மஞ்சள்தான். ஓடிவந்து மற்றதை எல்லாம் மிதித்து ஏறுவதும் வேண்டாம், மூலையில் பதுங்குவதும் வேண்டாம். காகிதத்தைக் கசக்கி உருட்டிவிட்டேன். ஒன்று போய்க் கவ்வி, அதே இடத்தில் கிழிக்க உட்கார்ந்தது. ஒன்று பார்க்கவே இல்லை. ஒரு கறுப்புப் பெட்டை அதைக் கவ்விக்கொண்டு என்னிடமே வந்து, கொடுக்கவா வேண்டாமா என்று பார்த்தது. பாத்திரத்தைத் தரையில் தட்டினேன், திடுக்கிட்டது, அப்புறம் அதே பாத்திரத்தை முகரப் போனது. அவ்வளவுதான் பரீட்சை. 25,000 ரூபாய், பதினாறு வாரம் முடிந்து ஊசிகள் போட்ட பிறகு கொண்டுபோவதாகப் பேச்சு, அதுவரை தீனிச் செலவு தனியாக. மைனா என்று பெயர் வைத்தது சின்னவன்.

வந்த பிறகு தெரிந்தது, எடுத்து வருகிற குணம் என்பது ஸ்விட்ச் இல்லாத குணம். அவள் எல்லாவற்றையும் எடுத்து வந்தாள். பக்கத்து வீட்டுச் செருப்பு, பால்காரரின் மூடி, ஒரு நாள் உயிரோடு ஒரு கோழிக்குஞ்சு. குஞ்சின் மேல் பல் பதியவே இல்லை, ஈரமாகியிருந்தது, அவ்வளவுதான். மாமாவுக்கு அன்று முழுக்கப் பெருமை. சொட்டுநீர்ப் பாசனக் குழாய்களைக் கடித்துத் துண்டு துண்டாக வாசலில் கொண்டுவந்து போட்டபோது அந்தப் பெருமை கொஞ்சம் குறைந்தது, மாற்றியதில் 6,000 ரூபாய் போச்சு. லாப்ரடார் உடம்பால் ஒரு வயதில் வளர்ந்துவிடும், புத்தியால் இரண்டு வயது வரை குட்டிதான். வேலை கொடுக்காவிட்டால் தானே வேலை தேடிக்கொள்ளும். காலையில் வெயிலுக்கு முன், சாயங்காலம் வெயில் தாழ்ந்த பின், கேன்வாஸ் துணியை இறுக்கிச் சுருட்டிக் கட்டி எறிவோம். உட்கார், இரு, போ, கொண்டா, விடு. இதில் கடைசிச் சொல்லைத்தான் முதலில் பழக்க வேண்டும். வாயிலிருப்பதைப் பிடித்து இழுக்கும் விளையாட்டே கூடாது, இழுக்க இழுக்க இறுக்கிக் கடிக்கப் பழகிவிடும். விட்டால் அதைவிட நல்லது கிடைக்கும் என்று அதற்குத் தோன்ற வேண்டும். எத்தனை முறை எறிவது என்று நீங்கள்தான் நிறுத்த வேண்டும், அதற்கு நிறுத்தத் தெரியாது. நாக்கு நீண்டு தொங்கி ஓரம் அகன்றுவிட்டால், ஈறு செக்கச் சிவந்தால், நடை தள்ளாடினால், அங்கேயே தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றி விசிறியடித்து, அப்புறம்தான் ஆஸ்பத்திரி. நீந்த விடுவது நல்ல உடற்பயிற்சி, ஆனால் ஓடுகிற கால்வாயில் வேண்டாம். கரை சிமென்ட், நாய்க்கு ஏறி வர முடியாது.

பன்றி விஷயம்தானே கேட்கிறீர்கள்? ஒரு ராத்திரி கூட்டமாக வந்து தென்னங்கன்றைத் தோண்டின. மைனா திண்ணையில் எழுந்து நின்று இரண்டு முறை குரைத்தாள், வாலையும் ஆட்டினாள், பிறகு உள்ளே வந்து என் கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொண்டாள். தோட்டத்து அண்ணன் அதைச் சொல்லிச் சொல்லி ஊரே சிரித்தது. ஏற்கெனவே இருந்த நாட்டு நாய்தான் விடியும்வரை கத்தியது. கடைசியில் சோலார் வேலி போட்டோம். நாயை வைத்துப் பன்றியைச் சமாளிக்கலாம் என்பவர்கள், பன்றியின் கோரைப்பல் குத்திக் குடல் சரிந்த நாயை ஒரு முறை பார்த்தால் போதும்.

உண்ணிக் காய்ச்சலும் வந்தது. ஆடு மாடு இருக்கிற தோட்டத்தில் அது வராமல் இருந்தால்தான் அதிசயம். லாப்ரடார் ஒரு வேளை சாப்பாட்டை ஒதுக்கினால் அன்றைக்கே ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள், நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்க வேண்டாம். ஈறு வெளிறுவதும் மூக்கில் ரத்தம் வருவதும் அதற்குப் பிந்திய கட்டம். எங்களுக்கு முன்கூட்டியே பிடிபட்டதால் நான்கு வாரம் டாக்ஸிசைக்ளின் மாத்திரையோடு போயிற்று. இப்போது உண்ணிக்கு டாக்டர் எழுதிய வாய்வழி மாத்திரையைத் தவறாமல் கொடுக்கிறேன். விலை அதிகம்தான், காய்ச்சலைவிடக் குறைவு.

ஆனால் என்னை உலுக்கிப்போட்டது மாங்கொட்டை. முதலமடையில் மாங்காய் மற்ற ஊருக்கெல்லாம் முந்திவிடும், தை மாசி முதலே பறிப்பு. எல்லாவற்றையும் வாயில் எடுக்கும் நாயை மாந்தோப்பில் வைத்திருப்பது எப்படிப்பட்ட விஷயம் என்று யாரும் சொல்லவில்லை. லாப்ரடாருக்குப் பசி அடங்காது என்பது சும்மா பேச்சு இல்லை. 2016இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் செய்த ஆய்வில், ஏறக்குறைய நான்கில் ஒரு லாப்ரடாருக்குப் பசியைக் கட்டுப்படுத்தும் ஒரு மரபணுவில் ஒரு துண்டு குறைந்திருப்பதாகக் கண்டுபிடித்தார்கள். பழம் தின்னட்டும், கொட்டையைத் துப்பிவிடும் என்று நினைப்போம். சிந்தூர மாம்பழம் உதிரும் நாட்களில் ஒரு காலை மைனா குடித்த தண்ணீரைக்கூட வாந்தியெடுத்தாள். முதுகை வளைத்துக்கொண்டு நின்றாள், வயிற்றைத் தொட்டால் முனகல், முந்தின நாளிலிருந்து மலம் போகவில்லை. உள்ளூரில் எக்ஸ்ரே எடுத்ததில் வாயு மட்டும் தெரிந்தது. கொட்டை எலும்பு மாதிரிப் பளிச்சென்று தெரியாது, ஸ்கேன் பார்க்க வேண்டும், மண்ணுத்தி கால்நடைக் கல்லூரிக்குக் கொண்டுபோங்கள் என்றார் டாக்டர்.

வண்டி பிடித்து, கொல்லங்கோடு, நென்மாறை, வடக்கஞ்சேரி வழியாக ஹைவேயில் ஏறி, குதிரான் சுரங்கப்பாதையைத் தாண்டும்வரை அவள் தலை என் மடியில்தான் இருந்தது. கால்நடைக் கல்லூரி ஆஸ்பத்திரியில் என் அரைகுறை மலையாளத்தில் சொல்லத் தெரியாமல், "மாங்ஙா அண்டி, மாங்ஙா அண்டி" என்று வயிற்றைக் காட்டினேன். மாணவி ஒருத்தி சிரிக்காமல் புரிந்துகொண்டாள். ஸ்கேனில் சிறுகுடலில் அடைப்பு தெரிந்தது, அன்றே அறுத்தார்கள். குடல் இன்னும் அழுகவில்லை, ஒரு நாள் தள்ளியிருந்தால் கதை வேறு என்றார் அறுவை செய்த டாக்டர். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, முதல் குட்டிக்கு அழாத அழுகையை எல்லாம் அங்கே அழுதேன். வண்டி, மருந்து, திரும்பப் போய்த் தையல் பிரித்தது எல்லாம் சேர்த்து 20,000 ரூபாய் ஆகியிருக்கும். இப்போது உதிர்காலம் முழுக்க வீட்டைச் சுற்றியுள்ள மரங்களுக்குக் கீழே பிள்ளைகள் காலையில் கூட்டி வாருகிறார்கள், தோப்புக்குள் போனால் கயிற்றில்தான். மாம்பழ ஊர், முந்திரித் தோட்டம், பலாமரம் இருக்கிற வீடு என்றால் ரிட்ரீவர் வாங்குமுன் இதை யோசியுங்கள். பாயசத்தில் விழும் உலர்திராட்சையும், வெங்காயமும், சாக்லேட்டும் நாய்க்கு விஷம் என்பதை வீட்டுப் பெரியவர்களுக்குத்தான் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. மாமா தோசை ஓரத்தைக் கீழே போடுவதை மட்டும் நான் கண்டும் காணாமல் விட்டிருக்கிறேன்.

மாதச் செலவு சுமாராக 4,500 ரூபாய், தீனியும் உண்ணி மாத்திரையும் சேர்த்து. வருஷா வருஷம் வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டு, அந்தச் சான்றைக் காட்டிப் பஞ்சாயத்தில் லைசன்ஸ் எடுக்க வேண்டும், கேரளத்தில் இது கட்டாயம். எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் என் தம்பி, இதெல்லாம் யார் கேட்கிறார்கள் என்று சிரிக்கிறான். தெருவில் ஒரு கடி விழுந்து கேஸ் ஆகும்போது முதலில் கேட்பது அந்தக் காகிதத்தைத்தான்.

இப்போது மைனா குட்டி போட்டால் எங்களுக்கு ஒன்று என்று சொந்தக்காரர்கள் வரிசையில் நிற்கிறார்கள். அதில் ஒருவருக்குப் பன்றி விரட்ட வேண்டுமாம்! அவருக்குச் சோலார் வேலி போட்ட ஆளின் நம்பரைக் கொடுத்தேன். மற்றவர்களிடம், அடுத்த மாதம் அவளுக்கு இரண்டு வயது முடிகிறது, மண்ணுத்தியில் மயக்க மருந்து கொடுத்து இடுப்பு எக்ஸ்ரே எடுக்க நாள் குறித்திருக்கிறது, படத்தைப் பார்த்த பிறகு பேசலாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். மூட்டு சரியில்லை என்றால் அந்த வழியிலேயே கருத்தடையும் செய்துகொண்டு வந்துவிடுவதாக உத்தேசம்.